சாரலில் ஏறும் மூணு சக்கரம்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு போகும் சாலை, புளியரையைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும். அங்கே உள்ள எஸ் வளைவில் போன ஆனி மாதம் ஒரு காலை, சித்தப்பாவின் மூணு சக்கர வண்டி ஏறாமல் நின்றுவிட்டது. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முன் சக்கரம் ஈர இலைகளை அரைத்துச் சேறாக்கியபடி வேகமாகச் சுற்றியது. வண்டி மட்டும் மெல்லப் பின்னால் சரிந்தது. கூட நடந்து வந்த நான் ஓடிப்போய் முட்டுக் கொடுத்தேன். "மோட்டார் சுத்துதுடே, வண்டி ஏற மாட்டேங்கு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள், மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் இந்த மோட்டார் வண்டிகளின் பாதி அறிவியல் இருக்கிறது.

சித்தப்பாவுக்கு மூன்று வயதில் போலியோ. இரண்டு கால்களும் போயின. கோட்டைவாசலில் கேரள லாட்டரி விற்கிறார். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை என்பதால், வியாபாரம் எல்லைக்கு அந்தப் பக்கம். வீடு இந்தப் பக்கம். நடுவில் ஏற்றம். கைப்பிடியைச் சுற்றினால் செயின் வழியே முன் சக்கரம் உருளும் சைக்கிளில்தான் பல வருடம் போய்வந்தார். ஐம்பதைத் தாண்டியதும் தோள் வலி தொடங்கியது. கைப்பிடியைச் சுற்ற முடியாமல் பாதி வழியில் நின்று, தெரிந்த ஆட்டோக்காரரைக் கூப்பிடுகிற நாட்கள் கூடிக்கொண்டே போயின.

இது வெறும் வயதுக் கோளாறு அல்ல. போலியோ கிருமி தசைகளை இயக்கும் நரம்பணுக்களைக் கொல்லும். பிழைத்த நரம்பணுக்கள் புதுக் கிளைகள் விட்டு, ஆதரவற்றுப்போன தசை நார்களையும் சேர்த்துத் தாங்கும். நன்றாக இருப்பதாக நாம் நினைக்கும் கையில்கூட, ஒரு நரம்பணு பல நரம்பணுக்களின் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முப்பது, நாற்பது வருடம் அப்படி உழைத்தபின் அந்தக் கிளைகள் ஒவ்வொன்றாக உதிரும். இந்தியாவில் கடைசியாகப் போலியோ கண்டது 2011 ஜனவரியில்; 2014 மார்ச்சில் நாடு போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் இப்போதுதான் இந்த இரண்டாம் தளர்ச்சியின் வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். "கையால சுத்துனா உடம்புக்கு நல்லதுதானே, மோட்டார் எதுக்கு" என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். மிச்சமிருக்கும் நரம்பைச் செலவழிக்காமல் வைத்துக்கொள்ளத்தான் மோட்டார்.

இனி கணக்கு. ஆள், வண்டி, பேட்டரி எல்லாம் சேர்த்து 120 கிலோ என்று வைப்போம். சமதளத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போக, டயரின் உருள் தடையை வெல்ல ஏறத்தாழ 26 வாட் போதும். கைகளால் அதைத் தர முடியும். அதே வேகத்தில் நூறு மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலையில் ஏற, இன்னும் 131 வாட் வேண்டும். ஆக மொத்தம் 157. கிட்டத்தட்ட ஆறு மடங்கு. கண்ணுக்கு லேசாகத் தெரியும் ஏற்றம் கைக்கு மலையாகத் தெரிவது இதனால்தான்.

மீதியைத் தருவது ஹப் மோட்டார். சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே செப்புக் கம்பிச் சுருள்களும் அவற்றைச் சுற்றி நிலைக் காந்தங்களும் இருக்கும். கன்ட்ரோலர் எனும் மின்னணுப் பெட்டி, காந்தம் இப்போது எங்கே இருக்கிறது என்பதை ஹால் சென்சார் மூலம் பார்த்து, அடுத்த சுருளுக்கு மின்சாரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். குதிரைக்கு முன்னால் புல்லைக் காட்டிக்கொண்டே ஓடுவதுபோல், காந்தப்புலம் எப்போதும் ஓர் அடி முன்னால் ஓடும். காந்தம் அதைத் துரத்தும்.

ஏற்றத்தில் இதற்கு ஒரு சோதனை வரும். மோட்டார் தரும் திருகுவிசை மின்னோட்டத்தைப் பொறுத்தது. சுருளில் உண்டாகும் சூடோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு விசை கேட்டால் நாலு மடங்கு சூடு. வண்டி நின்றுவிட்டால் இன்னும் மோசம்: வேலை எதுவும் நடக்காது, உள்ளே போகும் மின்சாரம் மொத்தமும் வெப்பமாகும். சித்தப்பாவுக்குச் செங்கோட்டையில் ஒரு பட்டறையில் முதலில் போட்டுக்கொடுத்தது பல்சக்கரம் இல்லாத மோட்டார். லாரிகள் வரிசையாக நின்ற ஒரு நாள், நின்று நின்று ஏறியதில் சுருள்களின் மேல் பூசிய வார்னிஷ் கருகும் வாடை வந்தது. அதோடு அது முடிந்தது.

இரண்டாவதாக வாங்கியது பல்சக்கரம் வைத்தது. உள்ளே இருக்கும் மோட்டார் சக்கரத்தைவிட நாலைந்து மடங்கு வேகமாகச் சுற்றும். பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும். மெதுவாக ஏறும்போதும் மோட்டார் வேகமாகவே சுற்றுவதால் சூடு குறைவு. சக்கரம் சிறியதாக இருந்தால் இன்னும் நல்லது. அதே திருகுவிசைக்குச் சாலையைத் தள்ளும் விசை கூடும். பெரிய சக்கரம்தான் கம்பீரம் என்று பட்டறையில் சொன்னால் மலைப் பக்கத்துக்காரர்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் சிறு மின் வண்டிகளுக்கு வரும் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற எல்லையையும் இங்கேதான் புரிந்துகொள்ள வேண்டும். அந்த 250 வாட் என்பது மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தாங்கும் அளவு. அரை மணி என்பது சூட்டுக்கான கெடு. சில நொடிகளுக்கு அதைவிடக் கூடுதலாகத் தர மோட்டாரால் முடியும்.

ஆக, 157 வாட் கேட்கும் 5 சதவீத ஏற்றத்துக்கு 250 வாட் மோட்டார் தாராளம். 8 சதவீத ஏற்றம் 235 வாட் கேட்டாலும் எல்லைக்குள்தான். பேட்டரியும் போதும்: 120 கிலோவை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 33 வாட்-மணி ஆற்றல், வீணாவதையும் சேர்த்தால் ஐம்பதுக்குள். அவர் வண்டியில் 12 வோல்ட், 12 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி மூன்று. கணக்குப்படி 432 வாட்-மணி. வேகமாக உறிஞ்சினால் ஈய பேட்டரி முழுசாகத் தராது என்றாலும் போதும். பிறகு ஏன் வழுக்கியது?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மோட்டார் எவ்வளவு பெரியது என்பதைவிட, அந்த விசை சாலையைத் தொடும் இடத்தில் எவ்வளவு எடை அமர்ந்திருக்கிறது என்பதே முக்கியம். மூணு சக்கர வண்டியில் ஆள் பின் அச்சுக்குப் பக்கத்தில் உட்காருவார். 120 கிலோவில் முன் சக்கரத்தின் மேல் விழுவது 36 கிலோ அளவுதான். எஸ் வளைவுபோல் நூறு மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் ஏற்றத்தில் எடை இன்னும் பின்னால் சாய்ந்து, முன்னால் 30 கிலோவே மிஞ்சும். ஏறத் தேவையான உந்து விசையோ 11 கிலோ எடைக்குச் சமம். காய்ந்த தாரில் 30 கிலோ அமர்ந்த ரப்பர் ஏறக்குறைய 21 கிலோ வரை பிடித்துக்கொள்ளும். சாரலில் நனைந்த இலையும் மணலும் கலந்த ஓரத்திலோ 9 கிலோதான். 11 கேட்கிறது, 9 கிடைக்கிறது. ஒருமுறை வழுக்கத் தொடங்கிவிட்டால், உராய்வு இன்னும் குறையும். அதனால்தான் மேலும் த்ராட்டிலைத் திருகத் திருகச் சேறுதான் தெறித்தது.

நாங்கள் செய்தது சின்ன மாற்றம். இருக்கைக்கு அடியில், பின் அச்சின் மேல் இருந்த மூன்று பேட்டரிகளும் சேர்ந்து 12 கிலோ. முன் கவையின் இரு பக்கமும் தாழ்வாக இரும்புத் தட்டு வெல்டு செய்து, அவற்றை அங்கே கொண்டுபோனோம். வண்டியின் மொத்த எடை அப்படியேதான். முன் சக்கரத்தின் மேல் 30 கிலோ 42 ஆனது. ஈரத்தில் பிடிப்பு 9 கிலோவிலிருந்து 12.6 ஆனது. ஏற்றத்தில் சித்தப்பா உடம்பை முன்னால் சாய்த்தால் இன்னும் நாலைந்து கிலோ முன்னே வரும். வண்டியைத் திருப்பக் கை கொஞ்சம் கனக்கிறது. அது இதற்குக் கொடுக்கும் விலை.

சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டும் மின் இணைப்பு வண்டிகளுக்கும் இதே கணக்குத்தான். சென்னை ஐஐடியில் பிறந்த நியோமோஷன் நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த நியோபோல்ட் அந்த வகை. இணைப்பை மாட்டினால் நாற்காலியின் சின்ன முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி, நாற்காலியே மூணு சக்கர வண்டியாகிவிடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை வேகம், ஒரு சார்ஜில் 25 கிலோமீட்டர் வரை தூரம் என்கிறார்கள். போன இடத்தில் இணைப்பைக் கழற்றிவிட்டு, அதே நாற்காலியில் கடைக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் போகலாம். இறங்கி ஏற இன்னொருவர் கை தேவையில்லை என்பது எத்தனை பெரிய விடுதலை என்று சித்தப்பாவைத் தூக்கி உட்கார வைத்துப் பழகிய எனக்குத் தெரியும்.

உடம்புக்கு உடம்பு வண்டி மாற வேண்டும். ஒரு பக்கம் செயலிழந்தவருக்கு இரண்டு பிரேக்குகளும் ஒரே கைப்பிடியில் வர வேண்டும். கை நடுங்குபவருக்குக் கன்ட்ரோலர் அந்த நடுக்கத்தைப் பொருட்படுத்தாமல், விசையை மெதுவாக ஏற்ற வேண்டும். இந்த மெதுவான தொடக்கம் ஈரச் சாலையில் பிடிப்பையும் காக்கும். முதுகுத்தண்டு அடிபட்டவருக்குக் காலில் உணர்ச்சி இருக்காது. பாதம் பலகையிலிருந்து நழுவித் தரையில் தேய்ந்தாலும் தெரியாது, சூடான கன்ட்ரோலர் பெட்டி தொடையில் பட்டு வெந்தாலும் தெரியாது. காலுக்குப் பட்டை இல்லாத வண்டியை அவருக்குக் கொடுக்கவே கூடாது.

இறக்கம் தனிக் கவலை. ஏற்றிய 33 வாட்-மணியில் பெரும்பகுதி திரும்பி வரும்போது பிரேக்கில்தான் சூடாக வேண்டும். பல்சக்கர மோட்டாரில், ஒரு திசையில் மட்டும் பிடித்து மறு திசையில் சும்மா சுற்றும் ஃப்ரீவீல் இருப்பதால் அதைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்ப வழியில்லை. ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் பிரேக் சாரலில் நனைந்தால் சட்டென்று பிடிக்காது. கால் ஊன்றி நிறுத்த முடியாதவருக்கு அந்த ஒரு நொடி தாமதம் பெரியது. டிஸ்க் பிரேக்குக்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

பேட்டரி மாற்றிய மறுநாளும் சாரல்தான். எஸ் வளைவு வந்ததும் சித்தப்பா இலை கிடந்த ஓரத்தை விட்டு, லாரி டயர்கள் துடைத்து வைத்திருந்த கறுப்புத் தடத்துக்கு வண்டியைத் திருப்பினார். லாட்டரிப் பெட்டி கைப்பிடியில் இடிக்கும் அளவுக்கு முன்னால் குனிந்து, த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். பின்னால் பலாப்பழம் ஏற்றி வந்த லாரி ஹாரன் அடிக்காமல் மெல்ல வந்தது. முட்டுக் கொடுக்க நீட்டிய என் கை வண்டியில் படவே இல்லை.