ஜீப்பில் ஏறிய பிரஷரும் இறங்காத பிரஷரும்

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் என் கிளினிக்கில் கூட்டம் சேரும். விடிவதற்குள் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு தாண்டி கேரளத்து இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போன பெண்கள் அப்போதுதான் மலை இறங்கி வந்திருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு ஏழாம் மாதம் வரை காய் எடுக்கப் போகிறவர்களும் அதில் உண்டு. வந்து உட்கார்ந்ததுமே நர்ஸ் பி.பி. பட்டையை எடுப்பார். நான் தடுத்துவிடுவேன். "மொதல்ல பாத்ரூம் போயிட்டு வாம்மா. அப்புறம் சாஞ்சு உக்காரு, பேசாத."

பிரஷருக்கும் பாத்ரூமுக்கும் என்ன சம்பந்தம்? தோட்டத்தில் பெண்கள் ஒதுங்க இடம் கிடைப்பது கஷ்டம். நெருக்கியடித்து வரும் ஜீப்பை நடுவழியில் நிறுத்தச் சொல்லவும் கூச்சம். அடக்கிக்கொண்டே வருவார்கள். சிறுநீர்ப்பை நிரம்பிக் கிடந்தால் பரிவு நரம்புகள் முடுக்கப்பட்டு, ரத்தக் குழாய்கள் சுருங்கி, பிரஷர் ஏறும். மலைக்குளிர், வளைவுகளில் வருகிற பயம், வலி எல்லாமே அதே நரம்பைத்தான் தட்டுகின்றன.

பரிவு நரம்பு மண்டலம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பெயரில்தான் பரிவு! ஏலச்செடிக்கடியில் பாம்பு நெளிந்தால் நெஞ்சு படபடத்து, வியர்த்து, கை சில்லிட்டுப் போகிறதே, அது இந்த நரம்பின் வேலை. பாம்பு போனதும் அடங்கிவிட வேண்டும். ஜீப்பில் ஏறிய பிரஷரும் அப்படித்தான், சற்று நேரம் அமைதியாக உட்கார்ந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

இந்த "இறங்கிவிடும்" என்ற நினைப்பில்தான் நான் ஒருமுறை தப்பு செய்தேன். நான் தொழிலுக்கு வந்த புதிது. எட்டாம் மாதத்தில் ஒரு பெண், பிரஷர் 144/92. "ஜீப்ல வந்த அலுப்பு, தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்" என்று நானே சொல்லி அனுப்பினேன். திரும்ப அளக்கவில்லை, சிறுநீரில் புரதமும் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் மண்டையைப் பிளக்கும் தலைவலியோடு கொண்டுவந்தார்கள். 170/110. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்கு நான் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து என் கணக்கு இதுதான். 140/90-ஐத் தொட்டால், மேல் எண்ணோ கீழ் எண்ணோ எது தொட்டாலும், உட்காரவைத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி அளப்பேன். குறையாவிட்டால் அன்றைக்கே சிறுநீர், ரத்தப் பரிசோதனை. நாலு மணி நேர இடைவெளியில் பார்த்தும் அப்படியே இருந்தால் அது ரத்தக்கொதிப்புதான். 160/110 என்றால் காத்திருக்க நேரமில்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரி. குறைந்துவிட்டாலும் விட்டுவிடுவதில்லை, அடுத்த சில நாளில் மறுபடி வரச்சொல்வேன். அப்படி ஏறி இறங்குகிறவர்களில் சிலருக்குப் பின்னால் நிஜமாகவே வந்துவிடுகிறது.

இப்போது மாமியார்கள் விஷயத்துக்கு வருகிறேன். "இவ எதையாச்சும் மனசுல போட்டுக் குமைஞ்சுக்கிட்டே கெடக்கா டாக்டரம்மா, அதான் ஏறுது." வாரத்துக்கு ஒருமுறையாவது இதைக் கேட்பேன். புருஷனும் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு தடவை அளக்கும்போது டென்ஷன் அதை ஏற்றலாம்; ஆனால் வாரக்கணக்கில் இறங்காமல் நிற்கும் பிரஷருக்கு அவள் மனசைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுகிறது. அதற்கு இடம் கொடுக்க ரத்தக் குழாய்கள் தளர்கின்றன. ரொம்பத் தளர்ந்தால் பிரஷர் விழுந்துவிடுமே என்று பரிவு நரம்பு ஓரளவு இழுத்துப் பிடிக்கிறது. இது எல்லாக் கர்ப்பத்திலும் நடப்பதுதான். சிலருக்கு, ஆரம்ப மாதங்களிலேயே கர்ப்பப்பையின் ரத்தக் குழாய்கள் சரியாக விரிவதில்லை. நஞ்சுக்கொடிக்குப் போதுமான ரத்தம் கிடைக்காமல், அதிலிருந்து சில புரதங்கள் தாயின் ரத்தத்தில் கலந்து, குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. தளர்வு போய்விடுகிறது, நரம்பின் இழுப்போ கூடிவிடுகிறது. 1996-இல் ஜெர்மானிய மருத்துவர்கள் காலிலுள்ள நரம்பில் மெல்லிய ஊசி செருகி இதை நேரடியாக அளந்தார்கள். இப்படி வரும் கர்ப்பகால ரத்தக்கொதிப்புக்குப் பிரி-எக்லாம்ப்சியா என்று பெயர். அது வந்த பெண்களிடம் இந்த நரம்பின் துடிப்பு, பிரஷர் இல்லாத கர்ப்பிணிகளைவிடச் சுமார் மூன்று மடங்கு இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு அது தணிந்தது. நஞ்சுக்கொடி வெளியேறினால் தணிகிற ஒன்றை மருமகளின் சுபாவம் என்று எப்படிச் சொல்வது?

நாங்கள் தரும் மாத்திரைகளும் இந்த வழியில் வேலை செய்பவைதான். மெத்தில்டோபா, மூளையிலிருந்து நரம்புக்குப் போகும் உத்தரவைக் குறைக்கிறது. லேபட்டலால், அந்த உத்தரவு இதயத்திலும் குழாயிலும் போய்ச் சேரும் இடத்தை அடைக்கிறது. நிஃபெடிபின் குழாயின் தசையையே தளர்த்துகிறது. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கர்ப்பம் என்று தெரிந்ததும் டாக்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் போன்றவை பிள்ளைக்கு ஆகாது. உப்பை அடியோடு நிறுத்தி, கஞ்சியைக் கண்ணீரோடு குடிக்கச் செய்வது வேண்டாம். அதனால் பிரி-எக்லாம்ப்சியா தடுக்கப்படுவதில்லை. முன் பிரசவத்தில் இது வந்தவர்கள் மூன்றாம் மாதம் முடிவதற்குள் வந்துவிடுங்கள், குறைந்த அளவு ஆஸ்பிரின் அவர்களுக்கு உதவும்.

மேல்வயிற்று வலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாய்வுப் பிடிப்பு என்று ஓமத்தண்ணீர் கொடுத்து ஒரு ராத்திரியை ஓட்டிவிடுகிறார்கள். ஐந்து மாதத்துக்கு மேல், வலது விலாவுக்குக் கீழே வலி, அடங்காத தலைவலி, கண்ணில் மின்மினி பறப்பது, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, மூச்சுத்திணறல் இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஜன்னி, அதாவது வலிப்பு, வரும்வரை காத்திருக்காதீர்கள்.

பிரசவம் முடிந்துவிட்டால் பிரஷரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் பிள்ளை பிறந்து மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள் அது மறுபடி ஏறுவது உண்டு. ஜன்னி பிரசவத்துக்குப் பிறகும் வரும். தோட்டத்தில் குடியிருக்கும் பெண்கள் அந்தச் சமயத்தில் கூடலூரிலோ கம்பத்திலோ அம்மா வீட்டில் இருப்பார்கள். பிரஷர் பார்த்து எழுதிய கார்டு மலைக்கு மேலே லயத்து வீட்டில் தொங்கும் பையில் இருக்கும். மலையாளத்தில் எழுதியிருக்கிறது, இங்கே யார் படிப்பார் என்று விட்டுவிட்டு வருகிறார்கள். எண்கள் மலைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதானே அம்மா, கையோடு கொண்டுவாருங்கள்.