வாசிக்கத் திணறும் பிள்ளையைப் பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வைக்காதீர்கள்

காரைக்குடி வட்டாரப் பள்ளி ஒன்றில் சிறப்புக் கல்விக்கும் மாணவர் ஆதரவுத் திட்டங்களுக்கும் தலைமைப் பொறுப்பில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண்கள் வந்ததும், பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கையோடு அழைத்துவந்து, "பொதுத் தேர்வில் இவன் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஆள் தருவார்களாமே, அதற்கு ஒரு சான்றிதழ் வாங்கித் தாருங்கள்" என்று பெற்றோர் கேட்பது ஆண்டுதோறும் நடக்கிறது. இம்முறை வந்த மாணவன் சென்ற ஆண்டு வரை வேறொரு பள்ளியில் படித்தவன். இரண்டாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான தேர்ச்சி அறிக்கைகள் அனைத்தையும் அவனுடைய அப்பத்தாள் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஆசிரியர்களின் கையெழுத்துகள் ஆண்டுக்கு ஆண்டு வேறு. குறிப்பு மட்டும் ஒன்றே. "எழுத்துப் பிழை மிகுதி, கவனம் தேவை." தந்தையும் தாயும் சிங்கப்பூரில் இருப்பதால், எட்டு அறிக்கைகளிலும் பெற்றோர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் அப்பத்தாள்தான் கையொப்பம் இட்டிருந்தார்.

அவனிடம் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலைக் கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னேன். வரிக்கடியில் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, சொல்லின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கத்தை மறந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். பிழை அதிகம் இல்லை. ஆனால் அந்தப் பத்தி முடியும்போது அவன் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. படித்ததில் ஒரு செய்திகூட மனத்தில் தங்கவில்லை. அதற்கடுத்த பத்தியை நானே வாசித்துக் காட்டியதும், நான் கேட்காத விவரங்களையும் சேர்த்துத் திருப்பிச் சொன்னான். மாமாவின் இரும்புக்கடையில் மாலை நேரங்களில் உட்கார்ந்து, பாக்கிக்கு வட்டி போடுவதை மனக்கணக்காகவே முடிப்பவன், அதே கணக்கைக் கேள்வித்தாளில் மூன்று வரிகளில் எழுதிக் கொடுத்தால் தொடாமல் விட்டுவிடுகிறான். இவ்வளவும் தெரிய வருவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எட்டு ஆண்டுகளில் அந்த அரை மணி நேரத்தை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

"வாய் மட்டும் வக்கீல் மாதிரிப் பேசுவான் டீச்சர், நோட்டை எடுத்தால்தான் சோம்பல்" என்றார் அப்பத்தாள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பள்ளி அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் என்னிடம் சொன்னார். ஆனால் இந்த ஒரு நம்பிக்கையைப் பற்றி நான் விரிவாகவே பேசியாக வேண்டும். நன்றாகப் பேசுகிற, கணக்கை மனத்தில் போடுகிற, திரைப்படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வசனத்தோடு ஒப்பிக்கிற பிள்ளைக்கு வாசிப்பில் குறைபாடு இருக்க முடியாது என்றும், ஆகவே அவன் எழுதாமல் இருப்பது சோம்பலே என்றும் படித்தவர்களே முடிவு கட்டுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. கற்றல் குறைபாடு என்பதே பொது அறிவுத்திறன் இயல்பாக இருந்தும், முறையான கற்பித்தல் கிடைத்தும், வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ மட்டும் தொடர்ந்து நீடிக்கிற சிரமத்துக்குத்தான் பெயர். அதனால்தான் மதிப்பீட்டின்போது நுண்ணறிவுச் சோதனையும் செய்கிறோம். அறிவுத்திறன் இயல்பாக இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே கற்றல் குறைபாட்டைப் பற்றிப் பேசுகிறோம். எனவே, "இவ்வளவு புத்திசாலியான பிள்ளை ஏன் எழுதுவதில்லை?" என்ற கேள்வி எழுந்தால், சோம்பல் என்று சொல்லிப் பிரம்பை எடுக்காதீர்கள், சோதித்துப் பார்க்க வேண்டிய பிள்ளை என்பதற்கு அந்த முரணே முதல் அறிகுறி. சோம்பல் உள்ள பிள்ளை எல்லா வேலையிலும் சோம்பலாக இருக்கும். ஒரு பாடவேளை முழுவதும் ஒரே பக்கத்தை அழித்து அழித்து எழுதிக் காகிதம் கிழிந்துபோன நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

சக ஆசிரியர்களுக்குத் தொழில்முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் b, d போன்ற எழுத்துகளை இடவலமாக மாற்றி எழுதுவதுதான் கற்றல் குறைபாட்டின் அடையாளம் என்று பயிற்சி முகாம்களில் கேட்டுவிட்டு, அதையே தேடிக்கொண்டிருக்கிறோம். ஐந்தாறு வயதில் பல குழந்தைகள் அப்படி எழுதுவார்கள். பெரும்பாலோருக்கு அது தானாகவே நின்றுவிடும். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது என்பதால், நம் பிள்ளைகள் தட்டுத்தடுமாறியாவது சரியாக வாசித்து முடித்துவிடுவார்கள். பிழையை மட்டும் எண்ணுகிற ஆசிரியரின் கண்ணுக்கு அவர்கள் தப்பிவிடுகிறார்கள். கவனிக்க வேண்டியது வேகத்தை. லகர ளகர ழகர மயக்கமோ ரகர றகர மயக்கமோ மட்டும் இருந்தால் கவலைப்பட வேண்டாம், அது பெரியவர்களுக்கே உண்டு. மூன்றாம் வகுப்பைத் தாண்டியும் எழுத்துக்கூட்டியே வாசிப்பது, புள்ளியும் துணைக்காலும் தொடர்ந்து விட்டுப்போவது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்வது, கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதும்போது வரிகளை விட்டுவிடுவது, சொல்வதை எழுதும் தேர்வு நாளன்று காலையில் வயிற்றுவலி வருவது ஆகியவை சேர்ந்து பல மாதங்கள் நீடித்தால் மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளையைத் தமிழிலும் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். தமிழில் சரளமாக வாசித்து ஆங்கிலத்தில் மட்டும் திணறினால், பெரும்பாலும் அது மொழிப் பழக்கம் போதாமையே. எதற்கும் முன்னதாகக் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். கண்ணாடி போட்டவுடன் தீர்ந்த சிக்கல்களும் உண்டு.

இவை எல்லாம் ஒரு தனி ஆசிரியரின் நல்ல மனத்தைப் பொறுத்தவை அல்ல என்பதைப் பள்ளித் தலைமையில் இருப்பவர்கள் உணர வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டு, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் புற உலகச் சிந்தனையின்மையையும் (ஆட்டிசம்) அவற்றுள் சேர்த்தது. கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறிந்து, அதற்கேற்ற கற்பித்தல் முறைகளைக் கையாள வேண்டும் என்பதை அதன் 16ஆம் பிரிவு கடமையாக்குகிறது. மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல், மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ ஆசிரியர்களே முதற்கட்டச் சோதனையைச் செய்ய வேண்டும் என்றும், அரசுப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும் அதற்கென ஒரு குழு இருக்க வேண்டும் என்றும், அதற்குத் தலைமை ஆசிரியரே தலைவர் என்றும் சொன்னது. பல பள்ளிகளில் அந்தக் குழு காகிதத்தில்கூட இல்லை. மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை ஒதுக்கி, வாரம் இரு நாள் வரும் சிறப்பாசிரியரை அங்கே உட்கார வைத்து, வகுப்பில் தொல்லை கொடுக்கும் பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் ஐந்தாம் வகுப்பு வரை 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021இல் ஏற்றுக்கொண்டதைப் பற்றி அவர்களிடம் பேசினால் சிரிக்கிறார்கள்.

மாணவர் ஆதரவுப் பொறுப்பில் இருப்பவருக்கு அதிகாரம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளை ஆதரவு அறையில் இருப்பது நாளுக்கு ஒரு பாடவேளை. மீதிப் பாடவேளைகள் அனைத்தும் பொது வகுப்பில்தான். அங்கே வரலாற்று ஆசிரியர் அவனை உரக்க வாசிக்கச் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தால், அந்த ஒரு பாடவேளையில் நாங்கள் கட்டியதெல்லாம் இடிந்துவிடும். விடையை வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் இடலாம், எழுத்துப் பிழைக்கு அறிவியல் தாளில் மதிப்பெண் குறைக்க வேண்டாம், கரும்பலகைக் குறிப்பை அச்சிட்டுக் கொடுத்துவிடலாம் என்று பாட ஆசிரியரிடம் சொல்லவும், அது நடக்கிறதா என்று வகுப்பில் போய்ப் பார்க்கவும், ஒவ்வொரு பருவத்திலும் பிள்ளையின் தனிநபர் கல்வித் திட்டத்தைப் பெற்றோரோடு உட்கார்ந்து திருத்தவும், கால அட்டவணையை மாற்றவும் உரிமை உள்ளவர் ஒருவர் பள்ளியில் இருந்தாக வேண்டும். விளையாட்டுப் பாடவேளையைப் பறித்து ஆதரவு வகுப்பு வைக்கும் வழக்கத்தை நிறுத்துவதற்கே அதிகாரம் தேவைப்படுகிறது. ஒன்பதாம் வகுப்பின் இறுதியில், பள்ளியின் நூறு விழுக்காட்டுத் தேர்ச்சிக்கு இடையூறு என்று ஒரு பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழை நீட்டும்போது, அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து "கூடாது" என்று சொல்வதற்கும் ஒருவர் வேண்டும்.

பெற்றோருக்கு வருகிறேன். வளர வளரச் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு டியூஷன் போதவில்லை என்று இரண்டாவது டியூஷனில் சேர்க்காதீர்கள். பலன் தராத முறையை இருமடங்காக்கினால் பலன் வராது. ஞாபகசக்தி மருந்து, மூளைப் பயிற்சி என்று விற்கப்படுகிறவற்றில் பணத்தைக் கொட்டாதீர்கள். கற்றல் குறைபாட்டுக்கு மருந்து இல்லை, படிப்படியான பயிற்சிதான் உண்டு. கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறும் சேர்ந்திருந்தால் மருந்து தேவையா என்பதை மருத்துவர் சொல்வார். பயிற்சி அளிப்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

"இப்படி ஒரு காகிதம் இருந்தால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று கேட்கிறார்கள். நம் பக்கத்தில் எல்லாக் குடும்பமும் ஒன்றையொன்று அறிந்தது என்பதால் அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. தயவுசெய்து இதை மட்டும் எண்ணிப் பாருங்கள். மதிப்பீட்டு அறிக்கை எங்கள் அலமாரியில் பூட்டி வைக்கப்படுகிறது; உங்கள் ஒப்புதல் இல்லாமல் வெளியே போகாது. அறிக்கை இல்லாத பிள்ளைக்கோ, மக்கு என்ற பெயரை ஊரே வைத்துவிடுகிறது, அதைப் பூட்டி வைப்பதற்கு எங்களிடம் அலமாரி இல்லை.

மகன் வெளிநாட்டில் இருக்க, பேரப்பிள்ளையை வளர்க்கும் அப்பத்தாள், ஆயாள், ஐயாமார்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிக் கூட்டங்களுக்கு நீங்களே வாருங்கள், பெற்றோரைக் காணொளி அழைப்பில் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். செட்டிநாட்டு ஊர்கள் பரவிக்கிடக்கும் சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களின் தலைநகரங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அடையாள அட்டைக்கும் உதவிகளுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

தேர்வுச் சலுகை கேட்பவர்களுக்கு: எட்டு வயது முதல் கற்றல் குறைபாட்டுச் சான்று பெறலாம் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு வேண்டும் என்றும் அந்த 2018 வழிகாட்டுதல் கூறியது. சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கான விண்ணப்பம் பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாகவே அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும். மருத்துவர், உளவியலாளர், சோதனை என்று ஒவ்வொன்றுக்கும் நாள் வாங்கிக் காத்திருக்க வேண்டியிருப்பதால், அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு தொடங்கினால் பெரும்பாலும் காலம் போதாது. சொல்வதை எழுத ஒருவர் கிடைத்தாலும், விடையை ஒழுங்காகச் சொல்லிப் பழகுவதற்குப் பிள்ளைக்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். ஆகவே ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் ஜூன் மாதத்திலேயே வந்துவிடுங்கள். மூன்றாம் வகுப்பு முடியும் முன்பே வந்தால், அந்தச் சலுகைகளில் சில தேவைப்படாமலே போகலாம். வரும்போது பிள்ளை வகுப்பில் தானாக எழுதிய நோட்டைக் கொண்டுவாருங்கள். டியூஷனில் திருத்தி, அழகாகப் பார்த்து எழுதிய நோட்டு எங்களுக்குப் பயன்படாது.