சஸ்டெயினபிள்: கால் பெடலும் காடும்

கீபோர்டு கற்றுக்கொள்ளும் பிள்ளைகளிடம் 'சஸ்டெயின்' என்றால் என்ன என்று கேட்டால், கால் பெடலைக் காட்டுவார்கள். அதை மிதித்தால், விரலை எடுத்த பிறகும் நாதம் சட்டென்று அறுந்துபோகாது. அதே பிள்ளைகள் படிக்கும் கல்லூரியில் 'சஸ்டெயினபிள் லிவிங்' என்று ஃபிளெக்ஸ் கட்டினால், அது வேறு ஏதோ பாடம் என்று கடந்துபோகிறார்கள். இரண்டும் ஒரே வேர்ச்சொல்தான்.

லத்தீனில் 'சுஸ்தினேரே': கீழே விழாமல் அடியிலிருந்து தாங்கிப் பிடிப்பது. இத்தாலிய மொழி வழியாக அது மேற்கத்திய இசைக்குறிப்பில் 'சொஸ்தெனூத்தோ' ஆனது. ஸ்வரத்தைத் தாங்கி, நீட்டி வாசி என்று பொருள்.

இயற்கை வளம் தீராமல் பார்த்துக்கொள்வது என்ற சூழலியல் பொருளுக்குப் பின்னால் ஒரு விறகுக் கணக்கு இருக்கிறது. ஜெர்மனியின் சாக்சனியில் வெள்ளியை உருக்கும் உலைகளுக்கு வெட்டி வெட்டியே காடு தேய்ந்தது. அங்கே சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ், மரம் வளர்கிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்று 1713-ல் ஒரு நூலில் எழுதினார். அதற்கு அவர் கையாண்ட ஜெர்மன் சொல்லிலும் 'பிடித்தல்' என்ற வேர்தான் இருக்கிறது. 1987-ல் வந்த ஐ.நா. அறிக்கை ஒன்று 'சஸ்டெயினபிள் டெவலப்மென்ட்' என்பதை ஊரறிந்த சொல்லாக்கியது.

சரி, தமிழில்? 'நிலையான வளர்ச்சி' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வங்கி வட்டி விளம்பரம் போல ஒலிக்கிறது. இலங்கையில் 'நிலைபேறான அபிவிருத்தி' என்பது அரசு வழக்கு. 'வளங்குன்றா' என்பது பொருளை நேராகச் சொல்கிறது, ஆனால் வளத்தோடு நின்றுவிடுகிறது. என் ஓட்டு 'பேண்தகு' என்பதற்கு. பேணுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இசை மாணவர்களுக்கு இதை விளக்க 'கார்வை' போதும். ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவது கார்வை. நாகஸ்வரத்தில் நீண்ட கார்வை பிடிப்பவர் மூச்சைக் கணக்குப் பார்த்துத்தான் செலவழிப்பார். எங்கே மூச்சு வாங்குவது என்பதையும் முன்பே முடிவு செய்திருப்பார். கார்லோவிட்ஸ் காட்டுக்குப் போட்ட கணக்கும் இதே ஜாதிதான்.

அந்த நாகஸ்வரத்தையே பாருங்கள். 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் ஆச்சா மரத்தில் செய்வது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களைத்தான் செய்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். ஈரம் முழுக்க வற்றிய கட்டை என்பதால். கஞ்சிரா என்ற சிறு தோல்வாத்தியத்துக்கு ஒருகாலத்தில் உடும்புத் தோல்தான். வனவிலங்குச் சட்டம் தடுத்த பிறகு ஆட்டுத் தோலுக்கு வந்தோம். நாதம் கொஞ்சம் மாறிவிட்டது என்று பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். மாறட்டுமே, உடும்பு பிழைத்ததே. அப்புறம், நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளிக்கு வேண்டிய நாணல் தட்டை ஆற்றங்கரையில் விளைவது. வாய்க்காலைச் சுத்தம் செய்ய ஊர் கூடும்போது நாகஸ்வர மாணவர் மண்வெட்டியோடு போனால், அது சமூக சேவை மட்டுமல்ல, சொந்த வேலையும்தான்.

ஆக, அடுத்த முறை கல்லூரி வாசலில் 'பேண்தகு வாழ்வு' என்றே எழுதலாம். ஃபிளெக்ஸில் மட்டும் வேண்டாம், துணியில் எழுதுங்கள்.