திருகு வேறு, திருகாணி வேறு

ஆங்கிலத்தின் 'ஸ்குரூ'வைத் தமிழாக்கி 'ஆர்க்கிமிடீஸ் திருகாணி' என்று இன்னும் எத்தனை கட்டுரைகளில்தான் படிப்பது? அது தண்ணீர் இறைக்கும் கருவி. உருளைக்குள் சுருளாக ஓடும் தகடு. சாய்த்து வைத்துச் சுழற்றினால் தண்ணீர் புரிபுரியாக மேலேறும். இதில் ஆணி எங்கே வந்தது?

திரி, திரும்பு, திருகு எல்லாம் ஒரே குடும்பம். திருகி ஏற்றும் ஆணி திருகாணி. தோட்டின் பின்னால் காது மடலை ஒட்டிப் பூட்டுகிறோமே, அது. நல்ல சொல்தான், ஆனால் ஒரு பொருளின் பெயர். எளிய எந்திரங்களில் ஒன்றாக எண்ணப்படுவதோ ஒரு தத்துவம்: தண்டின் மேல் சுற்றிவிட்ட சாய்தளம். அதற்குத் 'திருகு' போதும்.

ஆணி சேர்த்தால்தான் புரியும் என்கிறார்கள். எனக்கு ஏற்பில்லை. ஆணி என்றதும் இறுக்குவது மட்டுமே மனதில் நிற்கிறது, வரலாறே தலைகீழாகிவிடுகிறது. திருகு முதலில் தண்ணீர் ஏற்றியது. ரோமர் காலத்தில் ஒலிவக் காயும் திராட்சையும் பிழிந்தது. 1450 வாக்கில் கூட்டன்பர்க்கின் அச்சகத்தில் தாளை அழுத்தியதும் அதே பிழிபொறித் திருகுதான். உலோகத் திருகாணி பெருவாரியாகப் புழங்கியது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து.

மனிதனை முன்னேற்றியது எது என்றால் எல்லோரும் சக்கரத்தையும் நெம்புகோலையும் சொல்வார்கள். சரி, அவை மூத்தவை. ஆனால் எந்திரத்தைக் கொண்டே எந்திரம் செய்ய வைத்தது திருகு. 1800 வாக்கில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி என்ற எந்திரக் கைவினைஞர், கடைசல் எந்திரத்தின் (லேத்) வெட்டுளியைத் துல்லியமான ஒரு திருகைக் கொண்டு நகர்த்தினார். ஒரே அளவில் மரை, அதாவது திருகின் சுருள் வரி, வெட்டுவது அப்புறம்தான் கைக்கு வந்தது. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் மரைகளுக்குப் பொது அளவையே முன்வைத்தார்.

பள்ளி ஆய்வகத்துத் திருகு அளவியைப் பாருங்கள். தலையை ஒரு சுற்றுச் சுற்றினால் முனை 1 மி.மீ. நகரும். தலைக்கோலில் 100 பிரிவுகள். ஒரு பிரிவு நகர்ந்தால் 0.01 மி.மீ. தலைமயிரைவிட மெல்லிய அளவு அது, வெறும் விரலால் திருகியே கிடைக்கிறது. பாடநூல்காரர்கள் அதைத் 'திருகாணி அளவி' ஆக்கவில்லையே! பொருள் என்ன செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்தார்கள். இன்றைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை, அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டுகிறார்கள். கப்பலைத் தள்ளும் விசிறிக்கும் ஆங்கிலத்தில் 'ஸ்குரூ' என்ற இதே பெயர் உண்டு. இப்படியே விட்டால் அதையும் 'கப்பலின் திருகாணி' என்று எழுதிவிடுவார்கள்.