தேடுபொறிக்குப் புள்ளியிடுவது எப்படி?

கொழும்பில் கணினியியல் கற்கும் இறுதியாண்டு மாணவர் ஒருவர் தகவல் மீட்பை, அதாவது ஆவணங்களில் வேண்டியதைத் தேடித் தரும் துறையைத் தம் தனி ஆய்வுக்கு எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் தமிழ்ச் செய்திகளுக்கு ஒரு தேடுபொறி அமைக்கப்போவதாகவே முன்மொழிவை எழுதுகிறார். அமைப்பது பெரிய வேலை அல்ல. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களைக் கொண்டு சில நாள்களிலேயே ஒன்றை இயங்க வைத்துவிடலாம். அது நன்றாகத் தேடுகிறது என்று நிறுவுவதில்தான் உண்மையான ஆய்வு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

தேடுபொறி, கேட்கும்போதெல்லாம் எல்லா ஆவணங்களையும் படித்துப் பார்ப்பதில்லை. நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போல, எந்தச் சொல் எந்தெந்த ஆவணங்களில் வருகிறது என்ற பட்டியலை முன்கூட்டியே ஆக்கி வைத்துக்கொண்டு, கேட்கப்பட்ட சொல்லின் வரிசையை மட்டும் எடுத்துப் பார்க்கிறது. எல்லாச் சொற்களுக்கும் ஒரே மதிப்பும் இல்லை. 1,000 செய்திகளில் ‘கொழும்பு’ 500இலும் ‘மண்சரிவு’ 10இலும் வருமானால், அரிதாக வரும் சொல்லே ஆவணங்களைப் பிரித்துக் காட்ட உதவும் என்று பிரித்தானியக் கணினி அறிஞர் கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் விளக்கினார். ஆவணங்களின் மொத்த எண்ணிக்கையை அச்சொல் வரும் ஆவணங்களின் எண்ணிக்கையால் வகுத்து, 2ஐ அடியாகக் கொண்ட மடக்கையைக் கண்டால், முன்னதற்கு 1உம் பின்னதற்கு ஏறத்தாழ 6.6உம் மதிப்பாகக் கிடைக்கும்.

ஆனால் கணினிக்கு ‘கொழும்பு’ என்பது ஒரே சொல் அல்ல. எழுத்துகளுக்குக் குறியீட்டெண் தரும் உலகப் பொது முறையான ஒருங்குறியில் (யூனிகோட்) ஒகரக் குறியைத் தனிக் குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். முதல் முறையில் ‘கொழும்பு’ 8 குறியீடுகளாகவும் இரண்டாவதில் 9 குறியீடுகளாகவும் பதிவாகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இருவகைப் பதிவுகளையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் செய்யாத சொல்லடைவில் அவை இரு வேறு சொற்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய கோப்புகளின் நிலை இதனினும் மோசம். அவற்றில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளில் அமர்ந்திருப்பதால், ஒருங்குறிக்கு மாற்றும் வரையில் அவை தேடலில் அகப்படவே மாட்டா.

அடுத்தது வேற்றுமை உருபு. கொழும்பில், கொழும்புக்கு, கொழும்பிலிருந்து ஆகிய மூன்றையும் ஒரே அடிச்சொல்லின் கீழ்க் கொண்டுவர வேண்டும். அதற்காக ‘இல்’ என்று முடிவதையெல்லாம், அதற்கு முன் வரும் ‘ய்’யையும் சேர்த்து வெட்டும்படி விதி எழுதினால், ‘மயில்’ வெறும் ‘ம’ ஆகிவிடும். ‘கோயில்’ ‘கோ’ என்று நிற்கும். ஆகவே ஒவ்வொரு விதியும் எவ்வளவு நன்மை செய்கிறது, எவ்வளவு கெடுக்கிறது என்று அளந்தே ஆக வேண்டும்.

அளக்கும் முறைக்கு வழிகாட்டியது, 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் நூலகர் சிரில் கிளெவர்டன் நடத்திய சோதனை. வானூர்தியியல் ஆய்வுகளின் 1,400 சுருக்கங்களும் 225 கேள்விகளும் கொண்டு இன்றும் புழங்கும் அத்தொகுப்பில், எந்தக் கேள்விக்கு எந்த ஆவணம் பொருந்தும் என்பதை மனிதர்களே தீர்மானித்து எழுதி வைத்திருக்கிறார்கள். பரீட்சைத் தாளுக்கு விடைக்குறிப்பு எப்படியோ, தேடுபொறிக்கு அத்தீர்ப்புகள் அப்படி. தந்த ஆவணங்களில் எத்தனை பொருத்தமானவை என்பது துல்லியம். பொருத்தமானவற்றில் எத்தனையைக் கொண்டுவந்தது என்பது மீட்பளவு. பெருந்தொகுப்பில் எல்லாவற்றையும் வாசித்துத் தீர்ப்பிட முடியாது என்பதால், அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய டிரெக் (TREC) என்னும் தேடல் ஆய்வரங்கு, பல தேடுபொறிகள் முன்வரிசையில் தந்த ஆவணங்களை மட்டும் திரட்டித் தீர்ப்பிடும் வழியைப் பின்பற்றியது. தனியாக உழைக்கும் மாணவருக்கும் அதுவே கைகொடுக்கும்.

தீர்ப்பு ஒருவருடையதாக மட்டும் இருந்தால் போதாது. ஒரு தேடலுக்குப் பொருந்துமா என்று இருவர் 100 செய்திகளைத் தனித்தனியே வாசித்து, 84இல் ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்று கொள்வோம். கேட்கும்போது நிறைவாக இருக்கிறது. ஆனால் இருவரும் நூற்றுக்கு 20ஐ மட்டுமே ‘பொருந்தும்’ என்று குறித்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 68இல் ஒத்துப்போயிருப்பார்கள். எஞ்சிய 32இல் உண்மையாக ஈட்டியது, 84இலிருந்து 68 போக, 16. அதாவது கப்பா எனப்படும் உடன்பாட்டு அளவு 0.5 மட்டுமே.

இந்த இடத்தில்தான் ஆய்வு கனிகிறது. முரண்பட்ட 16 செய்திகளையும் எடுத்து, இருவரும் சேர்ந்து மறுபடி வாசிக்க வேண்டும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை நீரில் மூழ்கியது. ‘கொலன்னாவை வெள்ளம்’ என்ற தேடலுக்கு, அங்குள்ள இடைத்தங்கல் முகாமில் உலர் உணவுப் பொதிகள் வழங்கப்பட்ட செய்தி பொருந்துமா? வெள்ளத்தால் விளைந்ததுதானே என்பார் ஒருவர். நீர் எங்கே, எவ்வளவு உயர்ந்தது என்று ஒரு வரியும் இல்லையே என்பார் மற்றவர். இரண்டும் நியாயமான வாசிப்புகளே. தேடுபவருக்கு என்ன வேண்டும் என்பதைக் கேள்வி சொல்லாமல் விட்டதே குறை. ஆகவே நிவாரணச் செய்திகளும் சேருமா, சேராதா என்ற ஒரு வரியை அக்கேள்விக்கான விளக்கக் குறிப்பில் எழுதிவிட்டு, முதலாவது செய்தியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.