தடித்த வயிற்றில் சின்னத் துளை

தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். எடை 94 கிலோ. ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, துளை போட்டுப் பண்றாங்களாமே, என் தொப்பைக்கு அது ஒத்து வருமா? கிழிச்சே பண்ணிட்டா நல்லா தெரியும்ல?”

நியாயமான சந்தேகம்தான். பதில் மட்டும் நாம் நினைப்பதற்கு நேர் எதிர்.

ராயபுரத்துக் கறிக்கடையில் போட்டி, அதாவது ஆட்டுக்குடல், வாங்கியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். குடல் தனிக் குழாயாக வராது. விசிறி போன்ற ஒரு சவ்வோடு சேர்ந்து வரும். சவ்வு முழுக்க வெள்ளைக் கொழுப்பு, அதற்குள் நூல் நூலாக ரத்தக்குழாய்கள். நமக்கும் அப்படித்தான். புற்றுநோய்க்குக் கட்டி உள்ள குடல் துண்டை வெட்டினால் மட்டும் போதாது. அதற்குப் போகும் ரத்தக்குழாயை அடிவரை தேடிப்போய்க் கட்டி, வழியில் உள்ள, புற்றுநோய் பரவக்கூடிய சின்னச் சின்ன முடிச்சுகளான நிணநீர்க் கணுக்களையும் சவ்வோடு சேர்த்து எடுக்க வேண்டும். சோதித்துப் பார்க்கக் குறைந்தது 12 கணுக்களாவது வேண்டும். ஒல்லியானவரின் சவ்வை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே ரத்தக்குழாய் தெரிந்துவிடும். பருமனானவருக்கு அது கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். கொஞ்சம் இழுத்தாலும் ரத்தம் கசியும்.

இந்தச் சிரமம் இரண்டு முறையிலும் உண்டு. வயிற்றைக் கிழித்துச் செய்யும் ஓப்பன் ஆபரேஷனில் இன்னொன்றும் சேர்கிறது. வயிற்றுச் சுவரே அரையடிக்கு இருந்தால், டாக்டர் கிணற்றுக்குள் கைவிட்டு வேலை செய்வது போலத்தான். வெட்டை நீட்டிக்கொண்டே போக வேண்டும். துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியில் கேமரா அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போய், ரத்தக்குழாய்க்குப் பக்கத்திலேயே நின்று பெரிதாக்கிக் காட்டும்.

சரி, அதிலும் சிக்கல் இருக்கிறது. வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடால் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு உப்ப வைப்பார்கள். குடல் ஒதுங்குவதற்காக மேசையைச் சாய்ப்பார்கள். கனத்த குடல் லேசில் ஒதுங்காது. தலைப்பக்கம் தாழ்ந்தால் அத்தனை பாரமும் நுரையீரலை அழுத்தும், மயக்க டாக்டருக்கு அது பெரிய சோதனை. அதனால் நேரம் கூடுகிறது. நடுவில் ஓப்பனுக்கு மாற வேண்டிய வாய்ப்பும் பருமனானவர்களுக்கு அதிகம்.

லேப்ராஸ்கோபியில் புற்றுநோய் முழுசாக வருமா என்ற பயம் 1990களில் டாக்டர்களுக்கே இருந்தது. 2004இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வு 872 பேரை வைத்து அதைச் சோதித்தது. மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பியது துளை முறையில் 16 சதவீதம், ஓப்பனில் 18, கிட்டத்தட்ட சமம். ஆனால் 95 நிமிட வேலை 150 நிமிடம் ஆனது. ஐந்தில் ஒருவருக்கு ஓப்பனுக்கு மாறினார்கள். இவை எல்லா எடைக்காரர்களுக்குமான கணக்கு.

பருமனானவருக்கு உண்மையான லாபம் ஆபரேஷனுக்கு அப்புறம்தான். தோலுக்கடியில் உள்ள கொழுப்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. நீளமாக வெட்டினால் சீழ் பிடிக்கவும், தையல் பிரியவும், பிற்பாடு குடலிறக்கம் வரவும் வாய்ப்பு அதிகம். துளை முறையில் குடலை வெளியே எடுக்க ஒரு சின்ன வெட்டு போதும். வலி குறைவதால் சீக்கிரம் எழுந்து நடக்கலாம், அதனால் காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் குறையும். துளை போடுவது கடினமான உடம்புக்குத்தான் அந்தத் துளையால் நன்மை அதிகம். அனுபவமுள்ள கை கிடைத்தால் அதையே முதலில் கேளுங்கள் என்பேன்.

அக்காவிடம் இரண்டு விஷயம் அழுத்திச் சொன்னேன். உங்களைப் போல எடையுள்ளவர்களுக்கு எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். நடுவில் ஓப்பனுக்கு மாறினால் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள், உங்கள் நன்மைக்காக எடுத்த முடிவு அது.

ஆபரேஷனுக்குத் தயாராக அக்கா இப்போது தினமும் மாடியில் நடக்கிறார். மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவியை முதல் நாள் ஊதிக்கொண்டிருந்தார். ஊதக் கூடாது அக்கா, மெதுவாக உள்ளே இழுக்கணும் என்றேன். இரண்டு பந்து எழும்புகிறது.