வண்டி கிளம்பியதும் முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள்

"கடந்த பத்து நாட்களில் வெளியூர் எங்கேயாவது போனீர்களா?" காய்ச்சலும் இருமலுமாக வருகிற ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்கிறேன். "இல்லை டாக்டர், ஒரு கல்யாணத்துக்குத்தான் போய் வந்தோம்" என்கிறார்கள். கல்யாணத்துக்குப் போவதை நம் மக்கள் பயணம் என்று கணக்கில் வைப்பதில்லை. எப்படிப் போனீர்கள் என்றால், வேன் பேசிக்கொண்டு போனோம் என்பார்கள். முகக்கவசம்? "எல்லாரும் போட்டிருந்தோம். வேனுக்குள்ளே மட்டும் கழற்றிவிட்டோம். எல்லாரும் சொந்தக்காரர்கள்தானே."

நேற்று மாலை அப்படி ஒரே வேனில் போய் வந்த குடும்பத்தில் நான்காவது ஆளையும் கொரோனாவோடு உள்நோயாளியாகச் சேர்த்தேன். வேனை ஏற்பாடு செய்த பெரியவர் முதலில் வந்தார். அடுத்து அவருடைய தம்பி மனைவி, பிறகு ஒரு மருமகன். நேற்று வந்தவர் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, இப்போது ஆக்சிஜனில் இருக்கிறார். பயணத்தன்று லேசான தொண்டைக் கரகரப்போடு வந்த பேரன் வார்டு வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான். அவனுக்கு அன்று காய்ச்சல்கூட இல்லை. தெரிந்து யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஆனால் நோயைச் சுமந்துகொண்டு அந்த வேனில் ஏறியவன் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த மாதத்தில் இப்படி எத்தனையோ வேன்களின் கதையைக் கேட்டுவிட்டேன். சித்திரை பிறந்துவிட்டது. வைகாசி முகூர்த்தங்களுக்கு மண்டபமும் வேனும் முன்பணம் கொடுத்துப் பேசியாகிவிட்டது. 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை நம் மருத்துவமனைப் படுக்கைகளை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, தயவுசெய்து இதைப் படித்துவிட்டு உங்கள் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

கிருமி எப்படிப் பரவுகிறது என்பதை ஓராண்டாகத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டீர்கள். அதை விட்டுவிடுகிறேன். நான் பேச வேண்டியது "சொந்தக்காரர்கள்தானே" என்ற அந்த ஒரு நம்பிக்கையைப் பற்றி.

ஒரே வீட்டில் ஒரே சமையலைச் சாப்பிட்டு, ஒரே கூடத்தில் படுத்து எழுகிறவர்கள் சேர்ந்து காரில் போனால் முகக்கவசம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அவர்கள் ஏற்கெனவே ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். ஆனால் கல்யாண வேன் ஒரு வீடு அல்ல. ஐந்தாறு வீடுகளின் வாசலில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது. பெரியப்பா மகன் ஜவுளிக்கடையில் நாள் முழுதும் வாடிக்கையாளரோடு நிற்கிறவர். சித்தி வங்கியில் கவுண்ட்டரில் இருக்கிறவர். மாமா தினமும் காய்கறிச் சந்தைக்குப் போகிறவர். அவர்கள் உங்களுக்குச் சொந்தம். அவர்கள் இந்த வாரம் யார் யாரோடு நின்று பேசினார்களோ அந்த ஆட்களும், கண்ணுக்குத் தெரியாமல், உங்களோடு அந்த வேனில் ஏறிவிடுகிறார்கள். நல்லவர், சுத்தமானவர், தினமும் இருவேளை குளிக்கிறவர் என்பதெல்லாம் இதில் செல்லாது. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் நோயைப் பரப்பலாம். "அவனுக்கு ஒன்றுமே இல்லையே" என்று நீங்கள் பார்த்துச் சொல்வதற்கு மருத்துவத்தில் மதிப்பில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. அந்நியர்கள் நிறைந்த பேருந்தில் நாம் வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வருகிறோம். சொந்தக்காரர்களோடு ஏறினால் என்ன செய்கிறோம்? முன் இருக்கையிலிருந்து பின் இருக்கைக்குக் குரல் கொடுக்கிறோம். சிரிக்கிறோம். பிள்ளைகள் பாட்டுப் போட்டி நடத்துகிறார்கள். ஸ்பீக்கரில் பாட்டு ஓடுவதால் அதற்கும் மேலே கத்திப் பேசுகிறோம். சும்மா மூச்சு விடுவதைவிடப் பேசும்போதும், பேசுவதைவிடக் கத்தும்போதும் பாடும்போதும் வாயிலிருந்து பல மடங்கு அதிகத் துகள்கள் வெளியேறுகின்றன. ஜன்னல் மூடிய வேனில் பாடிக்கொண்டு போகிற உறவினர் கூட்டம், வாய் திறக்காத அந்நியர் கூட்டத்தைவிட ஆபத்தானது. என்னிடம் வருகிற நோயாளிகள் நம்ப மறுக்கிற உண்மை இதுதான்.

மூடிய வண்டிக்குள் ஒருவர் பீடி பற்றவைத்தால் கடைசி இருக்கை வரை நாற்றம் போகுமா, போகாதா? தொற்றுள்ளவரின் மூச்சும் அப்படித்தான் போகிறது. அதற்கு நாற்றம் இல்லை என்பதால் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை.

2020 ஜனவரி 19 அன்று சீனாவின் செஜியாங் மாகாணத்தில் ஒரு புத்த வழிபாட்டுக்கு இரண்டு பேருந்துகளில் ஆட்கள் போனார்கள். ஒன்றில் 60 பேர், மற்றொன்றில் 68 பேர். இரண்டாவது பேருந்தில் தொற்றுள்ள ஒருவர் இருந்தார். போக 50 நிமிடம், வர 50 நிமிடம். குளிர்சாதனம் உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டிருந்தது. அந்த 68 பேரில், அவரையும் சேர்த்து, 24 பேருக்குத் தொற்று உறுதியானது. தொற்றியவர்கள் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மட்டும் அல்லர், பல வரிசை தள்ளி இருந்தவர்களும்தான். மற்றப் பேருந்தில் ஒருவருக்கும் வரவில்லை. இரண்டு பேருந்துகளின் ஆட்களும் ஒரே வழிபாட்டில்தான் கலந்துகொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். நூறு நிமிடப் பயணத்தில் நடந்தது இது. மதுரையிலிருந்து சென்னைக்கு இரவு முழுதும் ஏசி பேருந்தில் போகிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் நம் ஊரில் நடப்பது தலைகீழ். வண்டியை விட்டு இறங்கி, காற்று வீசுகிற நெடுஞ்சாலையோரம் நிற்கும்போது அவசரமாக முகக்கவசத்தை மாட்டுகிறார்கள். போலீஸ்காரர் 200 ரூபாய் அபராதம் போடுவார் என்ற பயம். ஏறிக் கதவைச் சாத்தியதும் கழற்றிப் பைக்குள் வைக்கிறார்கள். எங்கே கட்டாயம் வேண்டுமோ அங்கே கழற்றுகிறார்கள், எங்கே ஆபத்து குறைவோ அங்கே மாட்டுகிறார்கள். அபராதத்துக்கு முகக்கவசம் போடுகிறவருக்கு நான் என்ன சொல்லிப் புரியவைப்பது?

வேன் பேசும்போதே ஏசி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜன்னல் திறந்த வண்டி போதும். வெயிலும் புழுதியும் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். சாதாரண அரசுப் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தால் உட்காருங்கள், கண்ணாடியைத் திறந்து வையுங்கள். காரில் ஏசி தவிர்க்க முடியாது என்றால், வெளிக்காற்றை அடைக்கிற பொத்தானை அணைத்துவிட்டு, முன்பக்கம் ஒரு கண்ணாடியையும் பின்பக்கம் எதிர்ப்புறக் கண்ணாடியையும் நாலு விரல் இறக்கி வையுங்கள். ஓட்டுநரிடம் மரியாதையாகக் கேளுங்கள், "அண்ணே, நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்" என்று கையில் ஒன்றைக் கொடுங்கள். தினமும் வேறு வேறு கூட்டத்தை ஏற்றி இறக்குகிற அவர்தான் அந்த வண்டியிலேயே அதிகம் ஆபத்தில் இருப்பவர்.

முகக்கவசம் மூக்கையும் வாயையும் சேர்த்து மூட வேண்டும். தாடையில் தொங்குவது கணக்கில் இல்லை. மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டு "போட்டிருக்கிறேனே டாக்டர்" என்று என் அறைக்குள்ளேயே சொல்கிறவர்கள் உண்டு. போனில் பேசும்போதும் தும்மும்போதும் கீழே இறக்குகிறவர்களைப் பார்க்கும்போது என் மனம் பதறுகிறது, அந்த நேரத்துக்காகத்தானே அதைப் போடச் சொன்னோம்! வால்வு வைத்த என்95 முகக்கவசம் வேண்டாம். நீங்கள் விடுகிற மூச்சு வடிகட்டாமல் அந்த வால்வு வழியே அடுத்தவர் முகத்துக்குப் போகிறது. மத்திய சுகாதாரத் துறையே 2020 ஜூலையில் இதை எச்சரித்துவிட்டது, கடைகளில் இன்னும் விற்கிறார்கள். நெரிசலான பயணத்துக்கு வால்வு இல்லாத என்95 நல்லது. அது கிடைக்காவிட்டால் சர்ஜிக்கல் மாஸ்க் ஒன்றைப் போட்டு, அதன்மேல் மூன்றடுக்குத் துணி முகக்கவசம் ஒன்றை இறுக்கமாகப் போடுங்கள். என்95-ஐத் துவைக்காதீர்கள், வெந்நீரில் போட்டால் அது வீணாகிவிடும். துணியாலானதைத் தினமும் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவையுங்கள். நீண்ட பயணத்துக்கு மாற்று முகக்கவசம் இரண்டு மூன்று இருக்கட்டும், வியர்வையில் நனைந்ததை மாற்ற வேண்டியிருக்கும். கரியமில வாயு உள்ளே தங்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். அறுவை அரங்கில் மணிக்கணக்காக நின்று வேலை செய்கிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முகக்கவசம் கட்டவே கூடாது. வண்டியில் வாந்தி வருகிற பிள்ளைகளுக்கும், தூங்கிவிட்ட சிறு பிள்ளைகளுக்கும் கழற்றிவிடுங்கள். அவர்களைச் சுற்றி இருக்கிற பெரியவர்கள் போட்டிருந்தால் போதும்.

பயணத்தில் முகக்கவசம் கழலுகிற இன்னொரு நேரம் சாப்பாடு. வண்டிக்குள் புளியோதரைப் பொட்டலம் பிரித்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் கழற்றி, ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு சாப்பிடுவார்கள். வேண்டாம். வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, மரத்தடியில் ஒவ்வொரு வீட்டாரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து சாப்பிடுங்கள். இரவுப் பேருந்து நிற்கிற மோட்டலில் மூடிய ஏசி அறைக்குள் போகாமல், டீயை வெளியே நின்று குடியுங்கள்.

கை சுத்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை மட்டும் நம் மக்கள் தேவைக்கு மேலேயே செய்கிறார்கள். இருக்கை, கைப்பிடி, பெட்டி, காய்கறி என்று எல்லாவற்றிலும் சானிடைசர் தெளித்துவிட்டு, முகக்கவசம் இல்லாமல் அரட்டை அடிக்கிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கையுறை வேண்டாம், அது அழுக்கான இன்னொரு தோல், அவ்வளவுதான். ஆள்மேல் மருந்து தெளிப்பதும் வேண்டாம். 2020 ஏப்ரலில் திருப்பூரில் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்ததைப் பார்த்து மற்ற ஊர்களும் வைத்தன, சில நாட்களிலேயே நம் பொது சுகாதாரத் துறை அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. சாப்பிடும் முன்பும், கழிப்பறை போன பின்பும், முகக்கவசத்தைத் தொடும் முன்பும் 20 விநாடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பேருந்து நிலையக் கழிப்பறையில் சோப்பு இருக்காது, ஒரு சிறு டப்பாவில் எடுத்துப் போங்கள். தண்ணீர் இல்லாதபோது 60 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹால் உள்ள சானிடைசர் உதவும். எச்சில் தொட்டு டிக்கெட் கிழிக்கிற நடத்துநரிடமும், வாயால் ஊதிக் கவர் பிரிக்கிற கடைக்காரரிடமும் "வேண்டாம் ஐயா" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. கழிப்பறை நினைப்பில் பயணம் முழுதும் தண்ணீர் குடிக்காமல் வருகிறீர்கள். காய்ச்சலோடு என்னிடம் வந்த சிலருக்குக் கொரோனா இல்லை, சிறுநீர்த் தொற்றுதான் இருந்தது. தண்ணீர் குடியுங்கள். ஒரு நிமிடம் முகக்கவசத்தை விலக்கிக் குடித்துவிட்டு மூடிக்கொண்டால் ஒன்றும் ஆகாது.

பயணமும் கொள்ளைநோயும் கைகோத்துக்கொள்வது புதிதல்ல. 1910-11 குளிர்காலத்தில் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு அது ரயில் பாதை வழியாகவே நகர்ந்தது. பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென்-தே பஞ்சும் மெல்லிய பருத்தித் துணியும் வைத்த முகக்கவசத்தை எல்லாரையும் அணியச் சொன்னார், ரயில் பயணத்தைத் தடுத்தார். காற்றில் பரவும் என்ற அவர் பேச்சை மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் ஏற்கவில்லை. முகக்கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனவர், சில நாட்களில் அதே பிளேக்கில் இறந்தார். ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்ற நோய் அது. படித்த மருத்துவருக்கே அந்தக் கதி என்னும்போது, உங்களைத் திட்டுவதைவிடக் கெஞ்சுவதே எனக்குத் தோன்றுகிறது.

தடுப்பூசி போட்டுக்கொண்டேன், இனி பயமில்லை என்று சொல்கிற 45 வயதைக் கடந்தவர்களே, போட்டுக்கொண்டது மிக நல்லது. ஆனால் முதல் ஊசி போட்ட மறுநாளே வேனில் முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள். இரண்டாம் ஊசிக்குப் பிறகும் இரண்டு வாரமாவது ஆக வேண்டும். அதற்குப் பிறகும் இந்த அலை ஓயும்வரை கழற்ற வேண்டாம். மூன்று நாளுக்கு முன் எடுத்த நெகடிவ் முடிவும் இன்றைய பயணத்துக்குக் காவல் அல்ல. பாட்டி தாத்தாக்களைக் கூடுமானவரை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். மணமக்களைப் பிறகு அழைத்து வந்து அவர்களிடம் ஆசி வாங்கச் செய்யலாம். அவர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ, இருமலோ, வாசனை தெரியாமல் போவதோ வந்தால் தனி அறையில் இருங்கள், அன்றைக்கே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டுகிற ஆக்சிமீட்டரை மருதாணியும் நகப்பூச்சும் இல்லாத விரலில் மாட்டுங்கள். கல்யாண வீட்டுப் பெண்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். 94-க்குக் கீழே காட்டினால் 108-ஐ அழையுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதலில் சொன்ன அந்த வேன் குடும்பத்தில் முதல் ஆளுக்குப் பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகும், கல்யாண வீட்டார் மனம் நோகும் என்று யாருக்கும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் போன நான்கு நாட்களில் பாட்டிக்குப் பரிசோதனை செய்திருக்கலாம், மூச்சுத் திணறும் முன்பே கொண்டுவந்திருக்கலாம். உங்களுக்குப் பாசிட்டிவ் வந்தால், வேனில் உடன் வந்த ஒவ்வொருவருக்கும், ஓட்டுநருக்கும், அந்த மணிநேரத்திலேயே போன் செய்து சொல்லிவிடுங்கள்.